கடைசி அணியின் வாளி

மூன்று வாரமாகத் தெக்லாவின் மஞ்சள் அணி தொட்டதெல்லாம் தோல்வி. சாக்கு ஓட்டத்தில் அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவர் குப்புற விழுந்தார்கள். புதையல் வேட்டையில் கடைசிக் குறிப்பைத் தேடி அடுத்த தெரு பேக்கரிக்குள் புகுந்தவர்கள், அங்கேயே பன் தின்று உட்கார்ந்துவிட்டார்கள். அணித் தலைவிக்கு வயது பத்து. முகத்தில் மட்டும் நான்கு பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்கிற கவலை.

ஆனாலும் அவள் அழவில்லை. அந்தத் தேவாலயக் கோடை முகாமில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் வரும் அணிக்குக் கோப்பை. கடைசியில் வரும் அணியின் தலைவருக்கு ஒரு வாளித் தண்ணீர். அதை முகாம் முடிகிற அன்று, முகாமை நடத்தும் ஃபாதர் ஃபெர்மோவின் தலையில் கவிழ்க்கலாம். தெக்லா அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாள்களைப் பொறுத்துக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. கூடவே வினையும் வந்தது. மழையில்லாமல், ஊருக்குத் தண்ணீர் தரும் இத்தாலியின் பெரிய ஆறான 'போ' மணல் திட்டாகக் கிடந்ததால், விளையாட்டுக்கு யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று நகராட்சி உத்தரவு போட்டுவிட்டது.

"ஒரே ஒரு வாளிதானே, ஃபாதர்?"

"ஊரே தக்காளிச் செடி கருகுதுன்னு கண்ணக் கசக்குது. இந்த நேரத்துல நான் தண்ணிய வீணாக்கினா நல்லாவாம்மா இருக்கும்?"

ஃபாதர் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சமையலறைக்குள் போய் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து விம்மினாள்.

"நான் இன்னும் வெங்காயமே உரிக்கலயே, அதுக்குள்ள என்னடி அழுகை?" என்றாள் சமையல்கார நீவெஸ் அத்தை. அறுபது பிள்ளைகளுக்கு வேகவைத்த பாஸ்தாவை அண்டாவிலிருந்து வடித்துக்கொண்டிருந்தாள்.

தெக்லா மூக்கைத் துடைத்தாள். "அத்தை, அந்தத் தண்ணிய என்ன பண்ணுவீங்க?"

"கீழ கொட்டுவேன். வேறென்ன?"

"செடிக்கு ஊத்த மாட்டீங்களா?"

"கைப்பிடி கைப்பிடியா உப்பு போட்டிருக்கேன். ஊத்தினா செடி செத்துரும்."

"குடிக்கவும் முடியாதா?"

"நீ வேணா குடி."

விம்மல் சட்டென்று நின்றது. "அப்ப அது யாருக்குமே வேண்டாத தண்ணி. கொட்டாதீங்க அத்தை, ஆறட்டும்!"

நான்கு மணிக்கு விஷயம் ஃபாதர் காதுக்குப் போனது. வாசலில் ஒட்டியிருந்த உத்தரவை இரண்டு முறை படித்தார். பாஸ்தா வடித்த தண்ணீரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. பெருமூச்சு விட்டு, கண்ணாடியைக் கழற்றி நீவெஸிடம் கொடுத்துவிட்டு, முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

தெக்லா பெஞ்சின் மேல் ஏறி நின்று ஊற்றினாள். அவசரமே படவில்லை. கொழகொழவென்ற வெள்ளைத் தண்ணீர் புருவத்திலிருந்து தாடிக்கு இறங்கியது. காதில் ஒரு துண்டுப் பாஸ்தா தொங்கியது. அறுபது பிள்ளைகளின் கூச்சலில் தேவாலயக் கூரைப் புறாக்கள் எல்லாம் பறந்துபோயின. மூன்று வாரத் துக்கமும் அவளுக்கு அந்த நிமிடமே தீர்ந்தது.

முதலில் வந்த நீல அணியின் தலைவன் லோரிஸ் கோப்பையை மேஜையிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"பாதி வாளி மிச்சம் இருக்குல்ல? நானும் ஒரு தடவ ஊத்தறேன்டி. கோப்பைய வேணா நீயே வெச்சுக்க!"

தெக்லா வாளியை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"ஆசையப் பாரு! மொதல்ல எங்கள மாதிரி தோத்துட்டு வா."