இடக்கைப் பக்கம்

...வீடு கட்டக் கான்ட்ராக்டர் ஒருவரை வைத்திருந்தால் இந்நேரம் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம், கொழுந்தன் அன்றைக்கே சொன்னான், "அண்ணி, இதுல ஒருத்தன் வந்தா இன்னொருத்தன் வரமாட்டான், ஒவ்வொருத்தன் கால்லயும் நீங்க விழணும்" என்று, விழத்தான் செய்தாள், பூசி முடித்த சுவரை எலக்ட்ரீஷியன் வந்து மறுபடி கொத்தியபோது, ஜன்னல் வந்து இறங்கிய பிறகு சுவரில் விட்ட இடம் சிறியது என்று தெரிந்தபோது... ஆனால் அதெல்லாம் ஆரம்பத்தில், போகப்போக யார் முன்னால் யார் பின்னால் என்பது பிடிபட்டுவிட்டது, குழாயில் தண்ணீர் விட்டுக் காட்டாமல் டைல்ஸ்காரரை உள்ளே விடுவதில்லை, "மேஸ்திரியம்மா வந்துட்டாங்க, வேலை செய்யற மாதிரி நில்லுங்கப்பா" என்று கொத்தனாரே கிண்டல் செய்கிறார். இருந்தும் இந்தக் குளியலறை விஷயத்தில் மட்டும் அவள் யார் பேச்சையும் கேட்கவில்லை. இது அவருக்கான அறை. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன பிறகு கணவர் வாய் குழறிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "கதவைச் சாத்திக்கிட்டு நான் மட்டும் உள்ள இருக்கணும்மா." வாடகை வீட்டில் அதற்கு வழியில்லை, ஒவ்வொரு தடவையும் அவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்க, அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார், அந்த முகத்துக்காகத்தானே இத்தனையும், படியில்லாத தரை, அகலக் கதவு, கழிவறைக் கோப்பையைச் சுவரை ஒட்டி வைத்தது, நல்ல கையால் பிடித்து எழுந்துகொள்ள அந்தச் சுவரில் இந்த எஃகுக் கம்பி...

ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள், கால் கடுத்தது, கோப்பையின் மூடியைப் போட்டு உட்கார்ந்தாள், சும்மா, அவர் எப்படி எழுந்திருப்பார் என்று பார்ப்போமே, வலது கையை மடியில் செத்தது போலப் போட்டுக்கொண்டு இடது கையை நீட்டினாள். பிடிக்க ஒன்றும் இல்லை. சுவரும் கம்பியும் வலது பக்கம் இருந்தன, விழுந்துபோன கைப் பக்கம். இது எப்படி... அவள்தான் சொன்னாள், நல்ல கை வலது பக்கம், சுவர் வலது பக்கம் வரட்டும் என்று, குழாய்க்காரரிடம் ஒருமுறை, கொத்தனாரிடம் ஒருமுறை, சந்தேகமே இல்லாமல். ஊட்டும்போது, சட்டைப் பொத்தான் போடும்போது, அந்தக் கை எப்போதும் அவளுக்கு வலது பக்கம்தானே இருந்தது? எதிரில் நின்றே பார்த்த கை. அவர் இடத்தில் உட்கார்ந்து ஒருநாளும் பார்த்ததில்லை, இன்றைக்குத்தான். போன வாரம் அவரைக் கூட்டிவந்து காட்டினாளே, கம்பியைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார், "நல்லா இருக்கு" என்றார்... தெரிந்துதான் சொன்னாரா?

"என்னம்மா, மேஸ்திரியம்மாவுக்கு இங்கதான் ஆபீஸா?" கொத்தனார் வாசலில் நின்றார். அவள் எழுந்திருக்கவில்லை, "தப்புப் பண்ணிட்டேன்ணே, அவருக்கு நல்ல கை இடது கை" என்றாள். அவர் கம்பியைப் பார்த்தார், தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார், சிரிக்கவில்லை. "இந்தப் பக்கம் சுவர் இல்லையே. கோப்பையை மாத்தணும்னா தரையை உடைக்கணும். வேண்டாம், தரையிலேர்ந்தே ஒரு கம்பி நிறுத்திடலாம், அசையாது. நான் தொங்கிக் காட்டறேன், போதுமா? சொல்லுங்க, இன்னிக்கே துளை போட்டுடறேன்."

இதற்கு யோசிக்க என்ன இருக்கிறது, சரி என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஆனால் கை வெறும் காற்றைத் துழாவிய அந்தக் கணத்தில், ஐயோ என்று தோன்றுவதற்கு முன்னால், வேறு ஒன்று வந்து போனதே, அது என்ன... சட்டென்று நெஞ்சு லேசானது போல, அப்படியானால் நான்தான் தூக்கிவிட வேண்டும் என்பது போல... காலையில் அக்குளில் கைகொடுத்ததும் அவர் தலை ஒரு நொடி அவள் தோளில் சாயும், பாரத்தால் சாய்கிறதா அவராகச் சாய்க்கிறாரா என்று அவள் கேட்டதில்லை, கதவைச் சாத்திக்கொண்டபின் அது இருக்காது. "நிறுத்திடலாமாம்மா?" கொத்தனார் மறுபடி கேட்டார். "ம்... நிறுத்திடுங்க" என்றாள், அந்த ஒரு வார்த்தை வாய்க்கு வந்து சேர ஏன் இத்தனை நேரம் பிடித்தது என்று அவளுக்கே புரியவில்லை.