குடியிருப்பு எதுவும் இல்லை

உறையூரில் வெள்ளைக்காரன் காலத்து உப்புக் கிடங்கு ஒன்று இருந்தது. இரண்டடி கனச் சுவர், தேக்கு உத்தரம், உயரமான வளைவு வாசல்கள். எண்பத்தோராம் வருஷம் அதைப் பழுதுபார்த்து நூலகமாக்க அரசாங்கம் முடிவு செய்தது. வேலை ஜூனியர் இன்ஜினியர் அமிர்தராஜிடம் வந்தது.

கிடங்கின் பின்கட்டில் வீரம்மாள் இருந்தாள். அவள் புருஷன் பிச்சை அங்கே காவல்காரனாக இருந்தவன். அவன் செத்த பிறகு யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை; அவளும் போகவில்லை. பதினாறு வருஷமாகப் புட்டு அவித்து, தறிக்குப் போகிறவர்களுக்கு விற்றுப் பிழைத்துவந்தாள்.

அமிர்தராஜ் அளவெடுக்க வந்த அன்று நல்ல வெயில். வீரம்மாள் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் போட்டாள்.

"உக்காந்து எழுதுங்க ஐயா. நின்னுக்கிட்டே எவ்வளவு நேரம் எழுதுவீங்க?"

உட்கார்ந்தான். அவன் நிரப்ப வேண்டிய ரிப்போர்ட்டில் ஒரு கேள்வி இருந்தது: கட்டிடத்தில் யாராவது குடியிருக்கிறார்களா? இருந்தால் அவர்களுக்கு மாற்று இடம் கொடுத்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். அதற்கு ஒரு வருஷமாவது ஆகும். மார்ச்சுக்குள் தொடங்காவிட்டால் பணச் சாங்ஷன் காலாவதியாகிவிடும். இன்னொரு மழைக்கு மேற்கூரை தாங்காது என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கட்டிடத்தின் மேல் அதற்குள் அவனுக்கு ஆசை விழுந்திருந்தது.

'குடியிருப்பு எதுவும் இல்லை' என்று எழுதினான். பிறகு அவள் கொடுத்த மோரையும் வாங்கிக் குடித்தான்.

பத்து நாளில் காலி செய்யும்படி அவளிடம் சொன்னதும் அவன்தான். "மேல உத்தரவும்மா" என்றான். அவள் எதிர்த்துப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்த கையோடு தள்ளுவண்டி பிடித்து வந்து, சாமான்களை அவனே ஏற்றினான். உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் ஒரு குடிசைக்கு அவள் போனாள். 'இப்படி ஒரு ஆபீசரை நான் கண்டதில்லை' என்று தறிக்காரர்களிடம் அவள் சொல்லிக்கொண்டிருப்பதாக மேஸ்திரி வந்து சொன்னபோது அவனுக்கு உடம்பு கூசியது.

அடுத்த வருஷம் நூலகம் திறந்தார்கள். விழாவில் அவனுக்கு மாலை போட்டார்கள். அவன் மனைவி ரோசரி, "இவ்வளவு வெளிச்சமா இருக்கும்னு நினைக்கலங்க" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பின்கட்டைச் சிறுவர் பகுதியாக்கியிருந்தார்கள். அவள் கூப்பிட்டும் அவன் அங்கே போகவில்லை.

அடுத்து வந்த தவக்காலத்தில், ரிப்போர்ட்டில் பொய் எழுதியதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னான். சாமியார் கேட்டுவிட்டு, "அந்த அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார். இல்லை என்றான். சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னான். சொல்லவில்லை.

எண்பத்து மூன்று கடைசியில் பெய்த மழையில் வாய்க்கால் தண்ணீர் குடிசைக்குள் புகுந்தது. பொங்கல் கழிந்து ஒருநாள் வீரம்மாள் அவன் ஆபீசுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு வெள்ளைத்தாள்.

"கிடங்குல குடியிருந்தவங்களுக்கு வேற எடம் தரணும்னு சட்டம் இருக்காமே ஐயா. கலெக்டருக்கு மனுக் குடுக்கச் சொல்றாங்க. எனக்கு எழுதத் தெரியாது. உங்கள விட்டா யாரத் தெரியும்?"

அமிர்தராஜ் தாளை வாங்கி மேஜைமேல் வைத்தான். மனு எங்கே போகும் என்று அவனுக்குத் தெரியும். கலெக்டர் ஆபீசிலிருந்து அது இதே மேஜைக்குத்தான் விளக்கம் கேட்டு வரும். பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பார்கள். அதோடு முடிந்துபோகும்.

பேனாவைத் திறந்தான். அவள் பெயரையும் புருஷன் பெயரையும் எழுதினான். அடுத்த வரி வரவில்லை.

"அம்மா, இந்த மனு நிக்காது."

"ஏன் ஐயா?"

"அங்க யாருமே குடியில்லன்னு ரிப்போர்ட்ல இருக்கு. நான்தான் எழுதினேன். உங்களுக்கு எடம் குடுக்குற வரைக்கும் காத்திருந்தா வேலை நின்னுபோயிருக்கும்."

பக்கத்து மேஜையில் டைப் அடிக்கிற சத்தம் நின்றது.

"வண்டி பிடிச்சுக் குடுத்தது அதுக்குத்தானா?" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. வேலை நடக்கட்டும், எடம் குடுக்குற வரைக்கும் எங்கயாச்சும் இருந்துக்கறேன்னு நானே சொல்லியிருப்பேன்." தாளை அவன் பக்கம் தள்ளினாள். "எழுதுங்க. இப்ப சொன்னதையும் சேத்து எழுதுங்க."

எழுதினான். மனுவில் அவள் கைநாட்டு வைத்தாள். தான் கொடுத்தது பொய் ரிப்போர்ட் என்று தனித்தாளில் எழுதி, அவன் கையெழுத்துப் போட்டு அதோடு இணைத்தான். போகும்போது அவள் வழக்கமாகச் சொல்கிற 'வரேன் ஐயா'வைச் சொல்லவில்லை.

விசாரணை நடந்தது. அவனை முசிறிக்கு மாற்றினார்கள். ரோசரி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "சொன்னது சரிதான். ரெண்டு வருஷம் என்கிட்டகூட சொல்லாம இருந்தீங்களே" என்று மட்டும் சொன்னாள்.

எண்பத்தாறில் வீரம்மாளுக்கு மனை ஒதுக்கினார்கள், துவாக்குடிக்குப் பக்கத்தில். அமிர்தராஜ் விசாரித்துக்கொண்டு போனான். ஓட்டுக்கூரை, ஒரே அறை, நல்ல மேடான இடம். வீரம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முகம் இளைத்திருந்தது.

"வசதியா இருக்காம்மா?"

"தண்ணி உள்ள வராது" என்றாள்.

"புட்டு வியாபாரம்?"

"இங்க யாரு ஐயா வாங்குறா? வாங்குறவங்க எல்லாம் உறையூர்ல. விடியறதுக்குள்ள அவிச்சு, ரெண்டு பஸ் மாறிப் போறேன். போய்ச் சேர்றதுக்குள்ள ஆறிப்போவுது. பாதிப் பேரு வேற ஆளுகிட்ட வாங்கிப் பழகிட்டாங்க."

அவன் நின்றுகொண்டே இருந்தான். அவள் உட்காரச் சொல்லவில்லை. முறத்தில் கல் பொறுக்குவதை அவள் நிறுத்தவுமில்லை.