தட்டினால் பேசாதே

ஏப்ரல் வந்தால் மணிலாவில் தகரக்கூரை அடுப்பாகிவிடும். பள்ளி விடுமுறைக்கு மகள் லென்லெனை ஊரிலிருந்து அழைத்து வந்திருந்தாள் அனாலின். வாடகை அறைகளில் குழந்தைகள் ஆகாது என்பது வீட்டுக்காரியின் சட்டம். அவளுக்குப் பூனைகள் ஆகும்.

வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அனாலின் மகளிடம் சொல்வாள்: "யாரு கதவத் தட்டினாலும் கட்டிலுக்கடியில போயிடு. மூச்சு விடக் கூடாது."

"நீ தட்டினாக்கூடவாம்மா?"

"நான் எதுக்குடி தட்டப்போறேன்? எங்கிட்டதான் சாவி இருக்கே."

ஒரு மதியம் சந்தில் தீப்பிடித்தது. பக்கத்து அறை டோடோங் ஒவ்வொரு கதவாகத் தட்டி எல்லோரையும் வெளியேற்றினான். அனாலின் ஓடி வந்தபோது கூரை விழுந்திருந்தது.

"உன் கதவையும் கை வீங்கற வரைக்கும் தட்டினேன்க்கா," என்றான் அவன். "உள்ள சத்தமே இல்ல. யாருமில்லன்னு போயிட்டேன்."