பச்சை ஒயர்

வீட்டுக் காவலன் தன் வாழ்நாளில் ஒரு பல்பைக்கூட மாற்றியதில்லை. இது அவர் மனைவிக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். மற்றவர்களைப் பொறுத்தவரை அவர் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஏழாம் பக்கத்தை ஆளும் மனிதர். கூரை ஒழுகினால் எங்கே அடைப்பது, கதவு இழுபட்டால் எங்கே சீவுவது, படுக்கையறைக்கு எந்த நிறம் அடித்தால் புருஷன் பெண்டாட்டி சண்டை குறையும் என்றெல்லாம் பதினோரு வருஷமாக 'வீட்டுக் காவலன்' என்ற புனைபெயரில் எழுதிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் முப்பது வருஷம் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு தள்ளியவர். சுத்தியலைப் பிடித்தால் எந்தப் பக்கம் ஆணிக்கு என்று ஒரு நொடி யோசிப்பார்.

கட்டுரையை அவர் கையால் எழுதுவார். மனைவி அதைக் கணினியில் அடித்துப் பத்திரிகைக்கு அனுப்புவாள். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளலாம் என்று அவளுக்கு உத்தரவு இருந்தது. விஷயப் பிழையைத் தொடக் கூடாது. கட்டுரையின் அடியில் வாசகர்கள் சந்தேகம் கேட்க ஒரு போன் நம்பர் போட்டிருக்கும். அது அவளுடைய நம்பர். தன் சிந்தனை கலைந்துவிடக் கூடாதென்று அவர் செய்த ஏற்பாடு. அதனால் சமையலுக்கு நடுவில், துணி மடிக்கும்போது, எவர் வீட்டுச் சுவரோ உரிவதைப் பற்றி அவள் கேட்டுக் குறித்துக்கொள்வாள். அவர் பதில் சொல்வதற்குள் அந்தச் சுவர் தானாகவே விழுந்திருக்கும்.

நாலு மாதமாக அவளுக்கு ஒரு தொந்தரவு. குளியலறைக் குழாயைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏதோ ஏறியது. தினமும் இல்லை. வெந்நீருக்காக ஹீட்டரைப் போட்ட நாளில் மட்டும். அவர் பச்சைத் தண்ணீரில் குளிப்பவர். அது உடம்புக்கு நல்லது என்று அவரே எழுதியிருந்தார்.

"ஏங்க, குழாயில ஷாக் அடிக்கிற மாதிரி இருக்குங்க" என்று சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு அடிக்கலையே."

"நீங்க ஹீட்டர் போடறதில்லையே."

"உனக்கு வயசாகுது. அது நரம்புத் தளர்ச்சி. ஒரு மாத்திரை இருக்கு, வாங்கிச் சாப்பிடு" என்று கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்.

அவள் அந்த மாத்திரையை வாங்கி நாலு மாதம் விழுங்கினாள். அவர் சொன்னதைக்கூடப் பின்னாளில் மன்னித்துவிட்டாள். தான் விழுங்கியதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு யோசனை வந்தது. ஊருக்கெல்லாம் வீடு பராமரிக்கச் சொல்லித் தரும் மனிதரின் வீடு எப்படி இருக்கும் என்று படம் எடுத்துப் போடலாமே என்றார்கள். அவர் பூரித்துப் போனார். வீட்டுக்கு வெள்ளையடித்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கூடத்துச் சுவரில் தலை சாய்த்து உட்காருமிடமெல்லாம் எண்ணெய்க் கறை வட்டவட்டமாக இருந்தது. அவசர அவசரமாக பெயிண்டரைத் தேடினார்கள். வந்தது ஒரு பெண். நாற்பதைத் தாண்டியவள். முழங்கை வரை பழைய வேலைகளின் பெயிண்ட் புள்ளிகள், இடுப்பில் கட்டிய பையில் பிரஷ், சுரண்டும் தகடு, உப்புக் காகிதம், கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் திருப்புளி டெஸ்டர் ஒன்று.

"பொம்பளையா பெயிண்ட் அடிக்கப் போறா?" என்று வீட்டுக் காவலன் உள்ளறையில் முணுமுணுத்தார். குரலை அடக்கத் தெரியாத மனிதர். அவள் காதில் விழுந்தது. கலர் கார்டை விரித்துக்கொண்டே, "அடிச்ச பிறகு பெயிண்டுக்கு அது தெரியாதுங்க சார்" என்றாள்.

அவர் கார்டில் கட்டைவிரல் நகம் அளவிருந்த ஒரு கரும்பச்சையைத் தொட்டார். "கூடத்துக்கு இது. பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. நானே எழுதியிருக்கேன்."

"சார், இந்தக் கூடத்துக்கு ஒரே ஒரு ஜன்னல். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கு. கார்டுல பார்க்கிறதைவிட நாலு சுவர்லயும் ரெண்டு மடங்கு இருட்டா தெரியும். சுவர்ல மூணு நாலு கலரை ஒரு முழத்துக்கு அடிச்சுக் காட்டுறேன். காலையில பாருங்க, லைட் போட்டும் பாருங்க. அப்புறம் சொல்லுங்க."

"அம்மா, பதினோரு வருஷமா இதை எழுதிட்டிருக்கேன்."

"நான் பத்தொன்பது வருஷமா அடிச்சிட்டிருக்கேன் சார். சரி, உங்க வீடு."

மனைவி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவரிடம் இப்படி ஒருத்தர் பேசி அவள் பார்த்ததில்லை. கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. சொன்னாள், விட்டுவிட்டாள்.

மூன்று நாளில் கூடம் பச்சையானது. பாசி பிடித்த தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது. பட்டப்பகலில் லைட் போட்டால்தான் நாற்காலி எது மனுஷர் எது என்று தெரிந்தது. வீட்டுக் காவலன் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். "காய்ஞ்சா வெளுக்கும்" என்றார். அது காய்ந்துதான் இருந்தது.

நாலாம் நாள் காலை பெயிண்டர் குளியலறையை ஒட்டிய நடைச் சுவருக்கு வந்தாள். அங்கே ஈரம் ஏறிப் பூச்சு உப்பியிருந்தது. மனைவி குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். ஹீட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பெயிண்டர் தகட்டால் சுரண்டினாள். சுவரிலிருந்து வெளியே எட்டிப் பார்த்த குழாயில் தகடு உரசியது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, இந்தக் குழாய்ல கரண்ட் வருதே. உங்களுக்குத் தெரியுமா?"

மனைவிக்குக் கையிலிருந்த துண்டு நழுவியது. "எனக்கு நரம்புத் தளர்ச்சி" என்றாள். பழக்க தோஷம், வாயில் அதுதான் வந்தது.

பெயிண்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "குழாய்க்குமா நரம்புத் தளர்ச்சி?"

பையிலிருந்து டெஸ்டரை எடுத்தாள். ரப்பர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, குளியலறை வாசலிலேயே நின்று, கையை நீட்டிக் குழாயில் வைத்தாள். டெஸ்டருக்குள் சின்னதாகச் செம்மஞ்சள் வெளிச்சம் எரிந்தது.

மனைவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு மாதமாக அவள் சொன்னதை, அரை நொடியில் ஒரு திருப்புளி ஒத்துக்கொண்டுவிட்டது. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. காது மடல் மட்டும் சூடானது.

"மெயின் ஸ்விட்ச் எங்க இருக்கு அக்கா? ஈரத் தலையோட நீங்க தொடாதீங்க. காட்டுங்க, நான் அணைக்கிறேன்."

மெயின் அணைந்ததும் உள்ளறையில் மின்விசிறி நின்றது. வீட்டுக் காவலன் பேனாவோடு வெளியே வந்தார். "யாரைக் கேட்டு கரண்டை நிறுத்தினீங்க? நான் எழுதிட்டிருக்கேன்."

"குழாய்ல கரண்ட் வருதுங்க" என்றாள் மனைவி.

"மறுபடியும் அதையே ஆரம்பிக்காத."

"நான் ஆரம்பிக்கலை. டெஸ்டர் ஆரம்பிச்சுது."

அவர் பெயிண்டரைப் பார்த்தார். அவள், "என் கொழுந்தனார் எலக்ட்ரீஷியன். போன் போட்டிருக்கேன், வந்துட்டிருக்கார். அவர் பார்க்கிற வரைக்கும் நான் இந்தச் சுவரைத் தொட மாட்டேன். நீங்களும் மெயினைத் தொடாதீங்க சார்" என்றாள்.

எலக்ட்ரீஷியன் மதியத்துக்குள் வந்துவிட்டார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். ஸ்டூல் போட்டு ஏறி ஹீட்டரின் மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். பிறகு ஒரு பச்சை ஒயரின் நுனியை வெளியே இழுத்துக் காட்டினார். நறுக்கி, மேலே காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"எர்த் ஒயரை யாரு வெட்டினது?"

"நான்தான்" என்றார் வீட்டுக் காவலன். குரலில் பெருமைதான் இருந்தது. "ஹீட்டர் போட்டாலே போர்டுல ஸ்விட்ச் டிரிப் ஆகி விழுந்துட்டே இருந்துச்சு. இந்த ஒயரை எடுத்ததும் நின்னுபோச்சு. மெக்கானிக்கே தேவைப்படலை."

எலக்ட்ரீஷியன் ஸ்டூலிலிருந்து இறங்கினார். "சார், ஹீட்டர் உள்ள சூடாக்குற காயில் கம்பி வெடிச்சிருக்கு. கரண்ட் கசியுதுன்னு சொல்லத்தான் அந்த ஸ்விட்ச் விழுந்துச்சு. நீங்க அதோட வாயைப் பொத்திட்டீங்க. கசியுறது எர்த் வழியா பூமிக்குப் போகாம குழாய்க்கு வந்துச்சு. ஈரக் கால், ஈரக் கை. மேடம் ஒரு நாள் குழாயை இறுக்கிப் பிடிச்சிருந்தா, ஸ்விட்ச் விழுந்திருக்கலாம். அது விழலைன்னா அவங்க விழுந்திருப்பாங்க."

வீட்டுக் காவலன் பேனா மூடியைத் திறந்து மூடினார். "கையில் சுருக்குன்னா, அது கரண்டுன்னு இவ தெளிவா சொல்லியிருக்கணும்" என்றார்.

மனைவிக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. பச்சை ஒயரை எடுத்துவிடச் சொல்லும் ஒரு வாக்கியத்தை அவள் எங்கேயோ பார்த்திருந்தாள். பார்த்ததல்ல, அடித்தது. மூன்று மாதத்துக்கு முன், தன் பத்து விரலால். 'அடிக்கடி டிரிப் ஆகிறதா? கவலை வேண்டாம். பச்சை நிற ஒயரை நீக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது.' அந்த வாரம் 'தொல்லை'யில் விட்டுப்போன ஒரு புள்ளியைத் திருத்தியதுகூட ஞாபகம் வந்தது.

அதற்கு மறுவாரம் ஒரு பெண் போன் செய்திருந்தாள். பின்னணியில் கைக்குழந்தை அழுத சத்தம். சார் சொன்னபடி வாஷிங் மெஷினில் செய்தோம், இப்போது டிரிப்பே ஆவதில்லை, சாருக்கு நன்றி சொல்லுங்கள் என்றாள். இவளும் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டார்.

மனைவி நோட்டைத் தேடி எடுத்தாள். வாசகர்கள் பேசிய தேதியும் நம்பரும் எழுதி வைத்திருந்த நோட்டு. அந்த நம்பரைக் கண்டுபிடித்து அழுத்தினாள். நாலு முறை மணி அடித்த பிறகு எடுத்தார்கள்.

"அம்மா, வீட்டுக் காவலன் வீட்டுலேருந்து பேசறேன். உங்க வாஷிங் மெஷினைத் தொட்டா கையில சுருக்குன்னு இருக்கா?"

"ஆமாங்க. லேசா இருக்கும். அதுக்குத்தான் கீழ ரப்பர் விரிப்பு போட்டிருக்கோம். ஏங்க?"

"குழந்தை எங்க இருக்கு?"

"மெஷின் பக்கத்துலதான் தவழ்ந்துட்டிருக்கு."

"முதல்ல குழந்தையைத் தூக்குங்க. போனை வைக்காதீங்க. தூக்கிட்டீங்களா? இப்ப மெஷினைத் தொடாம போய் மெயினை அணைச்சுட்டு வாங்க. நான் காத்திருக்கேன்."

எதிர்முனையில் காலடிச் சத்தம் போனது, திரும்பி வந்தது. "அணைச்சுட்டேங்க." மனைவி எலக்ட்ரீஷியனிடம் போனைக் கொடுத்தாள். அவர் பொறுமையாக என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொன்னார். அவர் பேசிய அவ்வளவு நேரமும் மனைவி சுவரில் சாய்ந்து நின்றாள். சுரண்டிய பூச்சு அவள் முதுகெல்லாம் ஒட்டியது.

அந்த வாரக் கட்டுரை 'கோடையும் திரைச்சீலையும்'. வீட்டுக் காவலன் எழுதிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார். அவள் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேறொன்று அடித்தாள். எலக்ட்ரீஷியன் சொன்னதை ஒரு காகிதத்தில் குறித்து வைத்திருந்தாள். பச்சை ஒயரைப் பற்றி நான் எழுதியது தவறு, உயிரை வாங்கும் தவறு, வெட்டியவர்கள் உடனே மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், ஸ்விட்ச் விழுந்தால் அது ஏன் விழுகிறது என்று பாருங்கள், குழாயில் சுருக்கென்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்புங்கள். கடைசி வரியை இரண்டு முறை அழித்து மூன்றாம் முறை விட்டுவிட்டாள். அடியில் அவர் பெயரைப் போட்டு அனுப்பினாள்.

ஞாயிறு காலை அவர் ஏழாம் பக்கத்தைத் திறந்ததும் முகம் சுண்டியது. "யாரு இதை எழுதினது?"

"உங்க பேருதானே போட்டிருக்கு."

"என்னை முட்டாளாக்கிட்ட."

"அதை நான் செய்யலைங்க. அச்சுல ஏத்தினேன், அவ்வளவுதான்."

அவர் கத்துவதற்காக மூச்சை இழுத்தார். அதற்குள் போன் அடித்தது. பிறகு அடித்துக்கொண்டே இருந்தது. அன்று மட்டும் இருபத்தேழு பேர். ஒன்பது பேர் பச்சை ஒயரை வெட்டியிருந்தார்கள். அவள் ஒன்பது நம்பரையும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தாள். மற்றவர்கள், தப்பை ஒத்துக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று புகழ்ந்தார்கள். பதினோராவது போனில் அவரே கையை நீட்டி வாங்கினார். "உண்மைதான், எழுதறவனுக்கு நேர்மை முக்கியம்" என்று சொல்வது அவள் காதில் விழுந்தது. மத்தியானத்துக்குள் அந்தக் கட்டுரை முழுக்க அவருடையதாகிவிட்டது. கடைசி வரிதான் தன் எழுத்திலேயே உச்சம் என்று அவளிடமே சொன்னார்.

அவளுக்குச் சிரிக்கவும் தோன்றவில்லை. திங்கட்கிழமை பெயிண்டரைக் கூப்பிட்டுக் கூடத்துச் சுவரில் நாலு நிறத்தை ஒரு முழத்துக்கு அடிக்கச் சொன்னாள். இரண்டு நாள் காலையிலும் மாலையிலும் வந்து நின்று பார்த்தாள். வெண்ணெய் நிறத்தில் கொஞ்சம் மஞ்சள் கலந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். வீட்டுக் காவலன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "படம் எடுக்க அடுத்த வாரம் வர்றாங்க. இருட்டுல நிக்கணுமா?" என்று கேட்டாள். வாயை மூடிக்கொண்டார்.

இப்போதும் அவர்தான் எழுதுகிறார், அவள்தான் அடிக்கிறாள். ஆனால் கரண்டைப் பற்றிய ஒவ்வொரு வரியும் எலக்ட்ரீஷியனிடம் போகிறது, நிறத்தைப் பற்றிய வரிகள் பெயிண்டரிடம் போகின்றன. பாதிக்கு மேல் திரும்புவதில்லை. போன மாதம் பத்திரிகை ஆசிரியர் அவளை அழைத்து, சார் கட்டுரை ஏன் இப்படிச் சுருங்கிப் போச்சு, உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இப்பெல்லாம் தெரிஞ்சதை மட்டும் எழுதறார்."