அனோஜனின் பிறேம்

மனைவி இராசேஸ்வரி சங்கக்கடையிலிருந்து திரும்புவதற்குள் வேலையை முடித்துவிடச் செல்வநாயகம் அவசரப்பட்டார். காணாமல் ஆக்கப்பட்ட மகன் அனோஜனின் போஸ்டர், கிளிநொச்சிப் போராட்டத்துக்குத் தூக்கிப்போய்த் தூக்கிப்போய் மழையில் ஊறிக் கிழிந்திருந்தது. முதிரை மரச் சலாகைகளின் மூலைகளைச் சரிவாக அறுத்து, படத்துக்குப் பிறேமாகப் பொருத்தினார். வெள்ளை மட்டையில் முகத்தின் அளவுக்குச் சன்னல் வெட்டிப் போஸ்டரின் மேல் வைத்தார்.

வேலிப் படலை திறந்தது.

இராசேஸ்வரி அப்படியே நின்றாள். அந்த வீட்டில் பிறேமுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் செத்தவர்கள். கண்ணாடியில் பொட்டு, மேலே மாலை.

"அவன் செத்துப்போனான் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" குரல் உயரவில்லை. ஆனால் கை சுத்தியலை எடுத்துவிட்டது.

"மழைக்கு நனையுது எண்டுதான்..."

"சுவரிலை கொளுவத்தானே போறியள்?"

அவர் பிறேமைத் திருப்பிக் காட்டினார். சுவரில் கொளுவ வளையம் இல்லை. கீழே, தூக்கிப் பிடிக்க நீளமான பிடி இருந்தது. பின்பலகைக்கும் ஆணி அடிக்கவில்லை, கையால் திருப்பித் திறக்கிற இரண்டு கொண்டிகள்தான்.

"அவன் வந்த அண்டைக்கே கழட்டிப்போடலாம்."

அவள் ஒற்றைக் கையால் அதைத் தூக்கிப் பார்த்தாள். மற்றக் கையில் சுத்தியல் இன்னும் இருந்தது.

"பாரமாக் கிடக்கு. இன்னும் கொஞ்சம் சீவுங்கோ," என்றாள். "நாள் முழுக்கத் தூக்கிறது நான்."