ஈரப் பொடி

கோட்டைச்சாமி அண்ணனின் வலது கையை ஒடித்தது நான்தான். முதலாளி விசாரித்தபோது கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக அவர் சொல்லிவிட்டார். சொன்னால் நடந்தது இல்லையென்று ஆகிவிடுமா? மண்வெட்டியின் மரக்கணையால் ஓங்கி அடித்தேன். காய்ந்த கருவேலங்குச்சி முறிகிற சத்தம் கேட்டது. கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அறுபத்திரண்டாம் வருஷம், ஆவணி மாசம். ஆமத்தூர் ரோட்டில், வெடிக் கம்பெனி முதலாளி வெள்ளைத்துரையின் பங்களாவில் நான் தோட்டக்காரன். முதலாளி பெங்களூரில் எங்கோ புல்தரையைப் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கரிசலை வெட்டியெடுத்துவிட்டுச் செம்மண் கொட்டி, அருகம்புல்லை வேர் வேராக நட்டு, மூன்று வருஷம் தண்ணீர் சுமந்தோம், நானும் என் பெண்டாட்டி செல்லத்தாயும். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் புல்லுக்கு ஊற்றுகிறாயே, நீ விளங்குவாயா என்று ரோட்டில் போகிற பொம்பளைகள் ஏசுவார்கள். ஏசட்டும். எங்களுக்குச் சோறு போட்டது அந்தப் புல்தான்.

முதலாளி மகள் ஞானசுந்தரி கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது புல் திட்டுத்திட்டாக மஞ்சளாயிற்று. பிடித்து இழுத்தேன். பாயைச் சுருட்டினாற்போல் வேரே இல்லாமல் கையோடு வந்தது. அடியில் வெள்ளைப் புழுக்கள், சுண்டுவிரல் தடிமனில், சுருண்டு சுருண்டு கிடந்தன. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வீட்டார உக்கார வைக்கப் போறது இந்தப் புல்லுலதான். பச்சையா இல்லேன்னா மறுநாளே சட்டி பானையத் தூக்கிட்டுக் கெளம்பிரணும்" என்றார். எங்கே கிளம்புவது? மல்லாங்கிணற்றில் இருந்த மானாவாரிக் காடு என்றைக்கோ கைவிட்டுப் போயிருந்தது.

விவசாய ஆபீஸ் சங்கையா வந்து பார்த்து ஒரு மூட்டை விஷப்பொடிக்கு ஏற்பாடு செய்தார். "போன மாசம் இலையத் தின்ன புழுவுக்குத் தூவிட்டு, ரெண்டு நாளைக்குத் தண்ணி காட்டாதன்னு சொன்னேன்ல? அது வேற. இது வேருல கெடக்குற புழு. பொடி மேலயே கெடந்தா அதை ஒண்ணும் செய்யாது. தூவுன கையோட நாலு விரக்கடை நனையத் தண்ணி விடு. தண்ணியோட பொடி கீழ எறங்கணும்."

பக்கத்தில் நின்ற கோட்டைச்சாமி அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. அவர் பங்களாவுக்குக் காவல். அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் கம்பெனியில் வெடிமருந்து கலந்தவர். ஒரு விபத்தில் பெண்டாட்டி ராக்காயியும் போய், இவருடைய இடது கையில் ஐந்து விரலும் போய்விட்டன. எப்படி நடந்தது என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"பொடியில தண்ணி படக்கூடாதுலே சோணை. ஆபீசருக்கு என்ன தெரியும்?" என்றார்.

"நீங்க வாசக் கேட்டப் பாருங்கண்ணே. புல்லப் பாக்க நான் இருக்கேன்" என்றேன். என் திமிர் அப்படி.

மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்துத் தூவினேன். புல் முழுக்க மாவு சலித்த மாதிரி ஆயிற்று. நெடி தலையைச் சுற்றியது. செல்லத்தாய் குடம் குடமாக ஊற்றிக்கொண்டே வந்தாள். பாதித் தரைகூட நனைந்திருக்காது.

"ஊத்தாதலே! சூடேறும்லே!"

எச்சில் கையோடு ஓடி வந்தார். வந்த வேகத்தில் குடத்தை எட்டி உதைத்தார். தடுக்கப் போன என் காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார் பாருங்கள், கீழே விழுந்து மூக்கில் ரத்தம் கொட்டியது. நிமிர்ந்தபோது செல்லத்தாயின் கொண்டையை வலது கையில் சுற்றிப் பிடித்துத் தரதரவென்று புல்லுக்கு வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். அவள் அலறினாள். என் கண்முன்னால் என் பெண்டாட்டி முடியில் இன்னொருத்தன் கை! மண்வெட்டி எப்போது கழன்றது, கணை எப்படி என் கைக்கு வந்தது, ஒன்றும் நினைவில்லை. முதல் அடியில் அந்தக் கை தொங்கிப் போயிற்று. நான் நிறுத்தவில்லை. முதுகில் அடித்தேன், காலில் அடித்தேன். குப்புற விழுந்தவர், "தள்ளிப் போ தாயி, தள்ளிப் போ" என்று அவளிடமே சொல்லிக்கொண்டிருந்தார். செல்லத்தாய்தான் குறுக்கே விழுந்து கணையைப் பறித்தாள்.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. ஈரமான பொடியையே பார்த்துக்கொண்டு கிடந்தார். தண்ணீர் நுரைத்து, வெளுத்து, மெல்ல மண்ணுக்குள் இறங்கியது. அவ்வளவுதான்.

"இது சுடாதாலே?" என்றார்.

பிறகு சொன்னார். கம்பெனியில் கூரை ஒழுகி, வெடிக்குக் கலந்து வைத்திருந்த அலுமினியப் பொடிக் கலவை நனைந்துவிட்டதாம். நனைந்தால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்குமாம். ராக்காயி முறத்தில் அள்ளப் போயிருக்கிறாள். "வந்துரு, வந்துருன்னு வாசல்ல நின்னு கத்துனேன்லே. வெறுங்கத்து. முடியப் பிடிச்சு வெளிய இழுத்திருந்தா இருந்திருப்பா. நாலு பேரு பாக்காகளேன்னு நின்னுட்டேன். ஓடிப் போயிக் கைய நீட்டும்போது வெடிச்சிருச்சு."

செல்லத்தாய் அவிழ்ந்த கூந்தலோடு அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது.

மூங்கில் தப்பை வைத்துக் கையைக் கட்டினார்கள். அது கூடும் என்று கட்டியவர் உறுதி சொல்லவில்லை. மூன்று வேளையும் செல்லத்தாய் ஊட்டிவிட்டாள். நான் கிண்ணத்தை எடுத்துப் போனால் வாயை மூடிக்கொண்டார்.

செத்த புழுக்கள் மண்ணோடு மண்ணாய்க் கிடந்தன. நனையாமல் விட்ட பாதியில் மட்டும் உயிரோடு நெளிந்தன. கல்யாணத்துக்கு ஏழு நாள் இருக்கையில் அங்கே மறுபடி தூவினேன். செல்லத்தாய் ஒரு குடம் ஊற்றியிருப்பாள். தொங்கும் கட்டுக்கையோடு அவர் தள்ளாடி வந்து, என் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். விரலில்லாத இடது உள்ளங்கையை நனைந்த பொடியின் மேல் அழுத்தி வைத்தார்.

"எடுங்கண்ணே, விஷம்" என்றேன்.

அவர் எடுக்கவில்லை. செல்லத்தாய் அடுத்த குடத்தோடு வந்து, ஊற்ற முடியாமல், அந்தக் கையைப் பார்த்தபடி இடுப்பில் குடத்தோடு நின்றாள்.