கிளிப் போட்ட பாடங்கள்

“கணக்கை எடுத்தா நீ காலி, இப்பவே சொல்லிட்டேன்—”

“நான் எங்க கணக்குன்னேன் அக்கா, வரலாறுன்னுதானே—”

“வாய்தான் வரலாறுங்குது, கண்ணு கணக்குல நிக்குது—”

“என் கண்ணு இவங்க தலையில நிக்குது. நீ கொஞ்சம் தள்ளி உக்காரு, சாயம் உன் சட்டையில தெறிக்கும்.”

இரண்டே நாற்காலி போட்ட பார்லர் அது. தங்கையின் சொந்தக் கடை. ஒரு நாற்காலியில் பள்ளி வேன் ஓட்டும் அம்மாள், பாதித் தலை கறுப்பும் பாதித் தலை நரையுமாக உட்கார்ந்திருந்தாள். இன்னொன்றில் அக்கா. பள்ளி அலுவலகத்தில் கிளார்க். விண்ணப்பம் என்றால் தன்னைக் கேட்காமல் ஒருவரும் பேனாவைத் திறக்கக்கூடாது என்று நினைப்பவள்.

மாலைக் கல்லூரியில் சேர நுழைவுத் தேர்வு. நான்கு பாடப் பகுதிகளில் இரண்டைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் எழுதினால் போதும். தேர்வுக்கு ஒன்பது நாள். விண்ணப்பத்துக்கோ இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. இதை விட்டால் அடுத்த வருடம் கிடையாது, நாற்பது வயதுக்கு மேல் சேர்க்கமாட்டார்கள். தங்கைக்கு முப்பத்தொன்பதே முக்கால்.

பட்டமளிப்பு நாளன்று எத்தனையோ பெண்களுக்குத் தலை சீவி அனுப்பியவள் அவள். ஒரு தடவையாவது தன் தலையைத் தானே அவசர அவசரமாகச் சீவிக்கொண்டு அங்கே ஓடவேண்டும் என்று ஆசை. அதை அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அக்கா அழுதுவிடுவாள், அப்புறம் யார் சமாதானப்படுத்துவது?

“நேரம் ஆகுது. வரலாறு, பொது அறிவு. ரெண்டும் படிச்சா மண்டையில ஏறும்” என்றாள் அக்கா. “கணக்கும் வேதியியலும் நமக்கு ஆகாது. நம்ம வம்சத்துக்கே ஆகாது.”

“உனக்கு ஆகாதுன்னு சொல்லு. வம்சத்தை ஏன் இழுக்கற?”

“சரி, உனக்கு ஆகுமா?”

தங்கை தூரிகையைச் சாயத்தில் தோய்த்தாள். பள்ளியில் கணக்கு வகுப்பென்றால் அவள் பயந்து கடைசி பெஞ்சுக்கு ஓடுவாள்.

“எனக்கு ஒரு ஓட்டு உண்டா?” என்றாள் வேன்காரம்மாள்.

“தலையை ஆட்டாம போடுங்க.”

“வரலாறு.”

“ஆக முடிவாயிடுச்சு” என்று அக்கா கைப்பேசியை நீட்டினாள். “நீயே போடு. உன் படிப்பு, உன் கையால இருக்கட்டும்.”

தங்கை ஒரு கையுறையை மட்டும் கழற்றினாள். திரையில் நான்கு கட்டங்கள். இடது கையில் சாயத் தூரிகை. விரல் இரண்டு கட்டங்களை டக் டக்கென்று தொட்டது, ‘சமர்ப்பி’ என்பதையும் தொட்டது. கைப்பேசியைக் கொடுத்துவிட்டு அவள் மறுபடி தலைக்குத் திரும்பினாள்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தாள்.

“அடியே. என்னடி போட்டிருக்க?”

“சொன்னதைத்தான் போட்டேன்.”

“கணக்கு, வேதியியல்னு இருக்கு.”

“ஆமா. அது ரெண்டும் வேண்டாம்னுதானே, ஒதுக்கினேன்.”

“ஒதுக்கினியா? டிக் போட்டா எடுத்துக்கறேன்னு அர்த்தம்டி.”

தங்கையின் தூரிகை அந்தரத்தில் நின்றது. எதிரே சுவர்க் கண்ணாடியில் வேன்காரம்மாளின் தலை தெரிந்தது. நான்கு பாகமாக வகிடெடுத்த தலை. இப்போது தொடக்கூடாத இரண்டு பாகத்தைச் சுருட்டிக் கிளிப் போட்டு ஒதுக்கி வைத்திருந்தாள். காலையிலிருந்து மாலை வரை, இருபது வருடமாக, வேண்டாததுக்குத்தான் கிளிப் போட்டுப் பழகிய கை.

“அய்யோ, கிளிப் போட்டுட்டேங்க்கா” என்றாள்.

முதலில் சிரித்தது வேன்காரம்மாள். தலையை ஆட்டக்கூடாது என்பதால் தோள் மட்டும் குலுங்கியது. அதைப் பார்த்துத் தங்கைக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா முறைத்தாள். முறைத்தபடியே அவளும் சிரித்தாள், சிரித்தபடியே, “மாற்ற இயலாதுன்னு போட்டிருக்கான், சிரிக்காதீங்கடி” என்றாள்.

“கிளார்க்கம்மா, என்னையுமா டி போடறீங்க?”

“உங்களை இல்லம்மா. நீங்க சிரிங்க, காசு குடுத்து உக்காந்திருக்கீங்க.”

சிரிப்பு அடங்கியதும் கடை திடீரென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது. தங்கை கிண்ணத்தில் அடுத்த சாயத்தைப் பிழியத் தொடங்கினாள்.

“போகாம இருந்துடவா?”

“உதைப்பேன். இரு, மாதிரிக் கேள்வி ஏதாவது இருக்கும்.” அக்கா திரையைத் தள்ளினாள். “ஒரு கலவையில ரெண்டு பொருள். ரெண்டுக்கு மூணு விகிதம். முதல் பொருள் நாப்பது கிராம்னா, ரெண்டாவது—”

“அறுபது.”

“நான் முடிக்கவே இல்லையே.”

“நாப்பது கிராம் சாயத்துக்கு அறுபது பெராக்சைடு கரைசல்தானே ஊத்தறேன். இந்தா, பாரு.”

அக்கா கிண்ணத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். “ஹைட்ரஜன் பெராக்சைடை ஏன் வெளிச்சம் படாத புட்டியில வைக்கணும்?”

“வெளிச்சம் பட்டா வீரியம் போயிடும். காத்து கிளம்பிப் புட்டியே உப்பிக்கும்.”

“என்ன காத்து?”

“அது தெரியாது.”

“ஆக்சிஜன்” என்று விடையைப் பார்த்துப் படித்தாள் அக்கா. “அப்பாடா, ஒண்ணாவது தெரியலை. பயந்துட்டேன்.”

“இன்னொண்ணு கேளு.”

“இரு, இது எனக்கே வாயில நுழையலை. சைன், காஸ்னு என்னமோ முக்கோணக் கணக்கு.”

“விடு, அதுக்குத்தான் ஒம்பது நாள் இருக்கு” என்றாள் தங்கை. பழைய பயம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. மாறாக, கால் தரையில் பாவாமல் துள்ளியது. நடுத்தலைக்குச் சாயம் பூசியபடியே மனசுக்குள் ஒன்பது நாளையும் பிரித்தாள். காலையில் விகிதம், மத்தியானம் அமிலம், சாயங்காலம் அந்தச் சைன். எப்படிப் போட்டாலும் கடை நேரம் குறுக்கே இடித்தது.

அவள் தூரிகையைக் கிண்ணத்தில் வைத்தாள். சாயம் படாமலிருக்கக் கட்டியிருந்த மேலங்கியைக் கழற்றினாள். அடுத்தவர் தலையில் சீப்புகூட வைத்தறியாத அக்காவின் கழுத்தில் அதை மாட்டி, பின்னால் முடிச்சும் போட்டாள். வேன்காரம்மாள் மெல்லத் தன் தலைமேல் கையை வைத்துக்கொண்டாள்.

“அக்கா, உனக்கு லீவு பாக்கி இருக்குல்ல, ஒம்பது நாள் கடையை நீ பாத்துக்கறியா?”